ஒரு மில்லிமீட்டர் ஆட்டம்

மோத் என்ற பாய்மரப் படகின் நீளம் 3.355 மீட்டர். ஓட்டுவது ஒரே ஆள். பாய், பாய்மரம், சுக்கான் எல்லாம் சேர்த்தும் எடை முப்பது கிலோவை ஒட்டித்தான் வரும். காற்று கொஞ்சம் பிடித்துக்கொண்டதும் படகின் உடல் தண்ணீரை விட்டு எழுந்து அந்தரத்தில் போகத் தொடங்குகிறது. அதன்பிறகு நீருக்குள் இருப்பவை இரண்டு மெல்லிய தண்டுகளும், அவற்றின் அடியில் கிடைமட்டமாகப் பொருத்திய இரண்டு சிறகுகளும் மட்டுமே. உடலை நீர் பிடித்து இழுப்பது நின்றுவிடுவதால், வீசும் காற்றையே முந்திக்கொண்டு ஓடும். 30 நாட் வேகத்துக்கு மேல், அதாவது மணிக்கு 55 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகம் பதிவாகியிருக்கிறது.

இந்தப் படகை உயரத்தில் நிறுத்தும் ஏற்பாட்டில் மின்சாரமும் இல்லை, கணினியும் இல்லை. முனையில் தொங்கும் ஒரு கோல், சில நெம்புகோல்கள், ஒரு நீண்ட கம்பி, ஒரு கீல், அவ்வளவுதான். அவற்றில் பல பாகங்கள் எந்தக் கடையிலும் தொங்குவதில்லை. யாரோ ஒருவர் தம் பட்டறையில் அளந்து, அறுத்து, துளையிட்டுச் செய்தவை. உள்ளங்கையில் அடங்கும் அந்த உலோகத் துண்டுகளில்தான் இன்றைய படகு விளையாட்டின் மிக நுட்பமான பொறியியல் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஏன் கடையில் கிடைப்பதில்லை? பதில் போட்டி விதிகளில் இருக்கிறது. சென்னையின் நேத்ரா குமணனும் வேலூரின் விஷ்ணு சரவணனும் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் ஓட்டிய லேசர் வகைப் படகை எடுத்துக்கொள்வோம். அங்கே எல்லோருடைய படகும் ஒன்றுபோல இருக்க வேண்டும். விதி வெளிப்படையாக அனுமதிக்காத எதையும் மாற்ற முடியாது. திறமையை மட்டும் அளக்க வேண்டும் என்பது நோக்கம். மோத் வகுப்பு இதற்கு நேர் எதிர். நீளம், அகலம், பாயின் பரப்பு, பாய்மரத்தின் உயரம், உடல் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பன போன்ற சில எல்லைகளைச் சொல்லிவிட்டு மற்றதையெல்லாம் செய்பவர் கையில் விட்டுவிடுகிறது. 1928இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் லென் மோரிஸ் என்பவர் கட்டிய ஒரு சிறு படகிலிருந்து கிளைத்த வகுப்பு இது. எடைக்குக் கீழ்வரம்பே இல்லை. அதனால் ஒவ்வொரு தலைமுறையும் இன்னும் மெலிதாக, இன்னும் லேசாகச் செய்துகொண்டே வந்தது.

அடுத்து வந்தது சிறகு. சிட்னியில் இயன் வார்டு என்பவர் அதைப் படகின் நடுக்கோட்டில் வைத்துப் பறக்கவிட்டார். பெர்த்தில் ஜான் இலெட்டும் கார்த் இலெட்டும் அந்த யோசனையைப் போட்டிக்குத் தாங்கும் படகாக ஆக்கினார்கள். 2005இல் ரோகன் வீல் சிறகு வைத்த மோத்தில் உலகப் பட்டத்தை வென்றார். அதன்பின் சிறகில்லாமல் வென்றவர் யாருமில்லை. அந்த முதல் ஆண்டுகளில் இப்படிப்பட்ட படகுக்கென்று பாகம் தயாரித்த நிறுவனமே கிடையாது. வேண்டுமென்றால் செய்துகொள்ள வேண்டியதுதான். இன்று முழுப்படகையே தயாராக விற்கிறார்கள். ஆனாலும் முன்வரிசையில் ஓடுகிறவர்கள் நெம்புகோல்களையும் இணைப்புகளையும் மாற்றிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

சிறகு எதற்காக ஓயாமல் திருத்தப்பட வேண்டும் என்பதைக் கணக்கில் பார்த்தால் விளங்கும். நீரில் ஓடும் சிறகின் ஏற்றுவிசை வேகத்தின் இருமடியாகக் கூடுகிறது. படகும் ஓட்டுநரும் சேர்ந்து 105 கிலோ என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் அந்த எடையை நீரிலிருந்து தூக்கிவிட்ட சிறகு, விநாடிக்கு 10 மீட்டரில் அப்படியே விட்டால் ஆறேகால் மடங்கு, அதாவது 650 கிலோவுக்கு மேல் தூக்கப் பார்க்கும். படகு நேரே மேலே பாயும். சிறகு நீர்மட்டத்தைக் கிழித்துக்கொண்டு வெளிவரும். காற்றை உறிஞ்சிய சிறகுக்கு ஏற்றுவிசை ஒரே கணத்தில் போய்விடும். படகு மூக்குக் குப்புற விழ, ஓட்டுநர் முன்னால் பறந்து போய் விழுவார்.

ஆகவே சிறகின் பின்விளிம்பில் விமானச் சிறகில் இருப்பதுபோல ஒரு மடல் வைக்கிறார்கள். அதைக் கீழே இறக்கினால் ஏற்றம் கூடும், மேலே உயர்த்தினால் குறையும். அதை ஆட்டுவிக்கும் வேலை, 'வாண்ட்' என்று படகோட்டிகள் சொல்லும் அந்த முனைக்கோலுக்கு. மேல் நுனியில் கீல் போட்டு, கீழ் நுனி நீரைத் தொட்டு இழுபடும்படி தொங்கவிட்டிருப்பார்கள். ஒரு ரப்பர் கயிறு கோலை முன்னோக்கி இழுக்கும், ஓடும் நீர் பின்னோக்கித் தள்ளும். படகு தாழ்ந்திருந்தால் கோல் பின்னால் நன்றாகச் சாய்ந்து கிடக்கும், மடல் இறங்கும். படகு உயர்ந்தால் கோல் நிமிரும், மடலும் ஏறும். நீர்மட்டத்தைக் கோலால் தடவிப் பார்த்து உயரத்தைக் கட்டுப்படுத்தும் யோசனை மோத்துக்கு முந்தியது. 1940களில் கிறிஸ்டஃபர் ஹூக் தம் விசைப்படகில் இதையே செய்தார். அதற்கும் முன்னால், 1906இல் இத்தாலியின் மஜோரே ஏரியில் ஓடிய என்ரிக்கோ ஃபோர்லானினியின் படகில் ஏணிப்படிகள்போல அடுக்கிய சிறகுகள் இருந்தன. படகு உயர உயர மேல்படிகள் நீரை விட்டு வெளியேறி ஏற்றம் தானாகக் குறையும். அங்கே அசையும் பாகம் எதுவும் தேவைப்படவில்லை. மோத்தில் எல்லாமே அசையும் பாகம்.

கோலின் அசைவு ஒரு கம்பி வழியாகப் படகின் மேல்தளத்தில் பின்னோக்கி வருகிறது. நடுத்தண்டுக்கு மேலே எல் வடிவ நெம்புகோல் ஒன்று அதைத் திசைமாற்றிக் கீழே அனுப்புகிறது. தண்டின் உள்ளே ஓடும் இன்னொரு கம்பி மடலைப் போய்த் தொடுகிறது. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு ஊசி, ஒரு துளை. துளை ஊசியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் அங்கே ஆட்டம். லேத் பட்டறையில் 'ஆட்டம் இருக்கு' என்பார்களே, அதே ஆட்டம்தான்.

மடலை அசைக்கும் நெம்புகோல் கையின் நீளம் 25 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அதன் நுனியில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் மடல் 2.3 பாகை தன்னிஷ்டத்துக்கு அலையலாம். மோத்தின் முதன்மைச் சிறகுபோல ஏறத்தாழ 0.1 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு சிறகில், விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில், மடல் ஒரு பாகை மாறினால் ஏற்றுவிசை தோராயமாக 25 கிலோ மாறும். 2.3 பாகைக்கு ஏறத்தாழ 60 கிலோ. மொத்தம் 105 கிலோவைத் தாங்கும் ஏற்பாட்டில் 60 கிலோ எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது! அந்த ஒரு மில்லிமீட்டர் ஒரே மூட்டில் இருக்க வேண்டியதுகூட இல்லை. நான்கு மூட்டுகளில் கால் கால் மில்லிமீட்டராகப் பிரிந்திருந்தாலும் கூட்டுத்தொகை அதேதான். தனியாக எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு மூட்டும் இறுக்கமாகவே தோன்றும்.

இந்த ஆட்டம் எப்போதும் வெளியே தெரிவதில்லை என்பதுதான் சிக்கல். தட்டையான நீரில் ஓடும்போது நீரின் அழுத்தம் மடலை ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கும். ஊசி துளையின் ஒரு சுவரில் ஒட்டியே இருக்கும். அலையின் முகட்டைத் தாண்டி மறுபுறம் இறங்கும் கணத்தில் விசை திசைமாறினால் ஊசி எதிர்ச்சுவருக்குத் தாவும். ஓட்டுநருக்குப் படகு ஒரு நொடி சொன்னபேச்சு கேட்காததுபோலத் தோன்றும். தம் கை பிசகியதாக நினைத்துக்கொள்வார்.

இனி பட்டறைக்குள் போவோம். அந்த எல் வடிவ நெம்புகோலை நாமே செய்ய வேண்டும் என்றால் முதல் கேள்வி எந்தப் பொருளில் என்பது. பலரும் வலிமையிலிருந்து தொடங்குவார்கள். எனக்கு அது பின்னால் கேட்க வேண்டிய கேள்வியாகப் படுகிறது. இந்தப் பாகம் எதன் பக்கத்தில் உட்காரப் போகிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். மோத்தின் உடலும் தண்டும் கார்பன் இழையால் ஆனவை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். கடல்நீரில் உலோகங்களை அவற்றின் மின்னழுத்தப்படி வரிசைப்படுத்தினால் கார்பன் ஒரு கோடியில், தங்கம், பிளாட்டினம் போன்றவற்றின் பக்கம் நிற்கும். அலுமினியம் மறுகோடிக்கு அருகே. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு வோல்ட். இரண்டும் தொட்டுக்கொண்டு உப்புநீரில் நனைந்தால் ஒரு மின்கலம் பிறந்துவிடுகிறது, அதில் கரைந்துபோவது அலுமினியம். அலுமினியத் துண்டு சிறிதாகவும் கார்பன் பரப்பு பெரிதாகவும் இருந்தால் அரிப்பு இன்னும் வேகம், ஏனென்றால் பெரிய பரப்பின் மின்னோட்டம் முழுதும் அந்தச் சின்னத் துண்டின் வழியாகத்தான் போக வேண்டும். கார்பன் பாய்மரத்தில் அடித்த அலுமினிய ரிவெட் வெள்ளைப் பொடியாக உதிர்வது இதனால்தான்.

அலுமினியத்தை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. 6061 ரகம் கடையில் எளிதாகக் கிடைக்கும், இயந்திரத்தில் வெண்ணெயாக வெட்டுப்படும், அடர்த்தி எஃகில் மூன்றில் ஒரு பங்கு. கார்பனுக்கும் அதற்கும் நடுவே ஒரு படலம் கண்ணாடி இழையை எபாக்சியில் ஒட்டி வைத்துவிட்டால் மின்சுற்று அறுந்துவிடும். மேலே அனோடைஸ் செய்தால் கடினமான ஆக்சைடு கவசமும் கிடைக்கும். ஆனால் இங்கேயும் ஒரு கண்ணி உண்டு. கடின அனோடைஸ் படலம் 50 மைக்ரான் தடிப்பு என்றால் அதில் பாதி உலோகத்துக்குள்ளும் பாதி வெளியேயும் வளரும். 5 மில்லிமீட்டர் துளையின் இரண்டு சுவர்களிலும் இருபத்தைந்து இருபத்தைந்து மைக்ரான் உள்நோக்கி வளர்ந்தால் துளையின் விட்டம் 0.05 மில்லிமீட்டர் சுருங்கிவிடும். நேற்று வழுக்கிக்கொண்டு போன ஊசி இன்று நுழையாது. கோபத்தில் துளையைச் சுரண்டிப் பெரிதாக்கினால் கவசம் போய்விடும். வரைபடம் போடும்போதே இந்த 0.05ஐச் சேர்த்துக்கொண்டவருக்குத்தான் அனோடைஸ் பட்டறையிலிருந்து வந்த பாகம் அப்படியே பொருந்தும்.

டைட்டானியத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. மின்னழுத்த வரிசையில் கார்பனுக்குப் பக்கத்திலேயே அது இருப்பதால் இரண்டும் சண்டையில்லாமல் வாழும். கிரேடு 5 எனப்படும் கலவையில் 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் உண்டு. அடர்த்தி கனசென்டிமீட்டருக்கு 4.43 கிராம், நெகிழத் தொடங்கும் வலிமை 800 மெகாபாஸ்கலுக்கும் மேல். 6061 அலுமினியத்தில் அது 276தான். விலையைத் தவிரக் குறை சொல்ல வேண்டுமென்றால் அதை வெட்டுவதைச் சொல்லலாம். டைட்டானியம் வெப்பத்தை மிக மந்தமாகக் கடத்துகிறது, அலுமினியத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. வெட்டும்போது எழும் சூடு சீவலோடு வெளியேறாமல் வெட்டுக்கருவியின் நுனியிலேயே தங்கி அதை மழுங்கடிக்கும். மெதுவான சுழற்சி, கூரான கருவி, நிறையக் குளிர்நீர், இடையில் நிறுத்தாமல் ஒரே சீராக ஊட்டுதல் என்று பொறுமையாகச் செய்ய வேண்டும்.

தகட்டிலிருந்து வெளிவடிவத்தை அறுக்க நீர்த்தாரை வெட்டு நல்ல வழி. சில ஆயிரம் பார் அழுத்தத்தில் ஊசித்துளை வழியே பீறிடும் நீரில் கார்னெட் மணலைக் கலந்து விடுவார்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி கடற்கரைகளில் மணலுக்குச் செந்நிறம் தரும் அதே கனிமம். இந்த முறையில் உலோகம் சூடேறாது, அதனால் அதன் உள்கட்டமைப்பு கெடாது. வெளிவடிவத்துக்கு இது போதும், ஊசி உட்காரும் துளைக்குப் போதாது. தாரை வெட்டிய சுவர் சொரசொரப்பாகவும் மிகச் சிறிய சாய்வோடும் இருக்கும். சாதாரண டிரில்லும் உண்மையான வட்டத்தைத் தருவதில்லை, குறித்த அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே துளைக்கும். 5 மில்லிமீட்டர் துளை வேண்டுமென்றால் 4.8இல் டிரில் போட்டுவிட்டு, மிச்சத்தை ரீமரால் மெல்லச் சுரண்டி எடுக்க வேண்டும். ரீமர் கைக்குச் சற்றே கனமாகத் திரும்பும், எண்ணெயில் நனைந்த மெல்லிய சீவல் சுருள் சுருளாக வரும். வெளியே எடுத்து ஊசியை வைத்தால் தன் எடையில் விழாமல் விரல் அழுத்தத்தில் இறங்க வேண்டும். அந்தத் துளையில் ஆட்டம் இருக்காது.

உலோகத்தின் மேல் உலோகம் உரசாமல் இருக்கத் துளைக்குள் ஒரு பிளாஸ்டிக் புஷ் போடுவது வழக்கம். இங்கே ரகம் தெரிந்து வாங்க வேண்டும். எங்கும் கிடைக்கும் நைலான் 6 நீரை உறிஞ்சும் பொருள். முழுதும் ஊறினால் தன் எடையில் 9 சதவீதம் வரை நீரை ஏற்றுக்கொண்டு பருத்துவிடும். உலர்ந்த பட்டறையில் சொகுசாகச் சுழன்ற மூட்டு, இரண்டு நாள் கடலில் இருந்தால் இறுகிப்போகும். இறுகிய மூட்டு ஆட்டத்தைவிட மோசம், ஏனென்றால் அந்த ரப்பர் கயிறு கோலை இழுக்கும் விசையே சிறியது. உராய்வு அதை விழுங்கிவிட்டால் மடல் அசையவே அசையாது. அசிட்டால் என்ற பிளாஸ்டிக் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே நீரை ஏற்கிறது, அளவு மாறாது, லேத்தில் சுத்தமாகக் கடையலாம். விலையில் பெரிய வேறுபாடும் கிடையாது. பார்வைக்கு இரண்டும் வெள்ளைக் கோல்கள்தான் என்பதால் கடையில் கேட்டு உறுதிப்படுத்தி வாங்குவது நல்லது.

ஊசிக்கும் போல்ட்டுக்கும் எவர்சில்வர்தான் பெரும்பாலும். சமையலறைப் பாத்திரத்தில் சாதாரணமாகப் பயன்படும் 304 ரகம் கடலுக்கு ஆகாது. 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்த்திருப்பார்கள், உப்பின் குளோரைடைத் தாங்குவது அதனால்தான். போல்ட்டின் தலையில் ஏ4 என்று பொறித்திருந்தால் அந்தக் குடும்பம், ஏ2 என்றால் 304 குடும்பம். ஆனால் 316க்கும் மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடு படலம் கீறப்பட்டால் காற்றில் உள்ள ஆக்சிஜனைக் கொண்டு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். ஈரமான இடுக்கில், உறைக்குள், வாஷருக்கு அடியில் நீர் தேங்கி ஆக்சிஜன் தீர்ந்துபோனால் புதுப்பிக்க வழியில்லை. வெளியே பளபளக்கும் போல்ட்டின் நடுவுடல் உள்ளே குழிகுழியாக அரித்திருக்கும். இதை இடுக்கு அரிப்பு என்பார்கள். கழற்றிப் பார்க்காமல் கண்டுபிடிக்க முடியாது.

போல்ட்டை ஊசியாகப் பயன்படுத்தும்போது பலர் கவனிக்காத ஒன்று அதன் மரை. தலை முதல் நுனி வரை மரை போட்ட போல்ட்டைத் துளையில் செருகினால், மரையின் விளிம்புகள் ஒவ்வொரு அசைவிலும் துளையின் சுவரை அரம்போலத் தேய்க்கும். ஒரு பருவத்துக்குள் ஆட்டம் வந்துவிடும். நடுப்பகுதி வழவழப்பாக இருந்து, நட்டு ஏறும் நுனியில் மட்டும் மரை உள்ள போல்ட் தேவை. சரியான நீளத்தில் கிடைக்காவிட்டால் நீளமானதை வாங்கி நுனியை வெட்டிக்கொள்ளலாம். மரையை நாமே வெட்டுவதைத் தவிர்ப்பது நல்லது. ஆலையில் உருட்டி எடுக்கும் மரையில் உலோகம் அமுங்கி இறுகுகிறது, அதனால் திரும்பத் திரும்ப வரும் பளுவை வெட்டிய மரையைவிட நெடுநாள் தாங்கும். தகடு, பிடிப்பான், நெம்புகோல் போன்றவற்றை நாமே செய்யலாம். மரை, பேரிங், கயிறு மூன்றையும் விலைக்கு வாங்கலாம். எங்கே கோடு கிழிப்பது என்று கேட்டால் நான் அங்கேதான் கிழிப்பேன்.

தண்டுக்குள் ஓடும் அந்த நீண்ட கம்பியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒரு மீட்டர் நீளம், 5 மில்லிமீட்டர் விட்டம், கார்பன் கம்பி. இழுத்தால் ஒரு டன்னையும் தாங்கும். தள்ளினால்? 18ஆம் நூற்றாண்டில் லியோன்ஹார்ட் ஆய்லர் தந்த சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், இரு முனைகளில் மட்டும் பிடித்த அந்தக் கம்பி ஏறத்தாழ 4 கிலோ விசையிலேயே வில்லாக வளைந்துவிடும். கம்பி முறிவதில்லை, ஒதுங்கிக்கொள்கிறது. கோல் தள்ளுகிறது, நெம்புகோல் தள்ளுகிறது, மடல் மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது. எஃகுக்கு மாறினாலும் 6 கிலோதான். தீர்வு பொருளில் இல்லை, நீளத்தில் இருக்கிறது. இந்தத் தாங்குதிறன் நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதம், எனவே நடுவில் ஒரே ஒரு பிடிப்பு கொடுத்தால் நான்கு மடங்காகும். அதனால் தண்டின் உள்ளே கம்பியை ஒட்டினாற்போல ஒரு குழாய் பதித்து, வளைய இடமே இல்லாமல் செய்துவிடுவார்கள். விட்டத்தைப் பொறுத்தவரை அது நான்காம் அடுக்கு. 5 மில்லிமீட்டரை 6 ஆக்கினாலே தாங்குதிறன் இரட்டிப்பாகிறது. ஆனால் தண்டின் மொத்தத் தடிப்பே ஒன்றரை சென்டிமீட்டர் அளவுதான், அங்கே ஒரு மில்லிமீட்டரும் சும்மா கிடைக்காது.

கார்பன் தகட்டில் துளை போடும் இடமும் தனிக் கவனம் கேட்கிறது. உலோகத்தில் துளை என்பது கொஞ்சம் பொருள் குறைவது. கார்பனில் அது பளுவைச் சுமந்த இழைகளை அறுப்பது. போல்ட் அழுத்தும் இடத்தில் இழைகள் நசுங்கி, துளை மெல்ல நீள்வட்டமாகும், மறுபடி ஆட்டம். அகலமாகத் துளைத்து, எபாக்சியில் நிரப்புப் பொடி கலந்து அடைத்து, காய்ந்தபின் நடுவில் உரிய அளவில் மறுபடி துளைத்தால் போல்ட் இழையைத் தொடாது, நீரும் உள்ளே கசியாது. இதைவிட மேலானது, துளையே போடாமல் உலோக வளையத்தைச் சுற்றி இழையைத் தொடர்ச்சியாக வளைத்துக் கொண்டுவருவது. இழை அறுபடாமல் பளு அதன் நீளம் வழியாகவே ஓடும்.

பாகங்களை முப்பரிமாண அச்சில் எடுப்பது இப்போது பரவலாகிவிட்டது. வடிவத்தைச் சரிபார்க்க அதைப்போல ஒரு வழி கிடையாது. ஒரே மாலையில் மூன்று அளவுகளில் அச்சிட்டுப் பொருத்திப் பார்த்துவிடலாம். ஆனால் வீட்டு அச்சுப்பொறியில் அதிகம் புழங்கும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கும். நண்பகல் வெயிலில் நிறுத்திய கறுப்புக் கார்பன் தளம் அந்தச் சூட்டை எட்டக்கூடியது. தவிர, அடுக்கடுக்காக அச்சிட்ட பாகம் அடுக்குகளின் குறுக்கே இழுத்தால் எளிதில் பிரியும். எந்தத் திசையில் படுக்க வைத்து அச்சிடுகிறோம் என்பதே அதன் வலிமையைத் தீர்மானிக்கிறது. லேசர் கொண்டு டைட்டானியப் பொடியை உருக்கி அச்சிடும் ஆலைகளும் உள்ளன. வெட்டி எடுக்க முடியாத உள்வளைவுகளை அவை தரும். அங்கேயும் ஊசித்துளைகளைப் பின்னால் ரீமர் போட்டுத்தான் முடிக்க வேண்டும்.

கடைசியாக உலோகச் சோர்வு. விநாடிக்கு இரண்டு அலையைத் தாண்டும் படகில் ஒரு மணி நேரத்துக்கு 7,200 தடவை நெம்புகோல் ஆடுகிறது. நூற்றைம்பது மணி நேரம் ஓட்டுவதற்குள் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். அலுமினியத்துக்கு 'இந்த அளவுக்குக் கீழே எவ்வளவு ஆடினாலும் முறியாது' என்ற பாதுகாப்பான எல்லை இல்லை. சிறு பளுவும் தொடர்ந்தால் ஒருநாள் விரிசல் விடும். எஃகுக்கு உலர்ந்த காற்றில் அந்த எல்லை உண்டு, உப்புநீரில் அதுவும் கரைந்துபோகிறது. விரிசல் தொடங்கும் இடம் பெரும்பாலும் எல் வடிவத்தின் உள்மூலை. கூரான மூலையில் தகைவு குவியும். அங்கே 3 மில்லிமீட்டர் ஆரத்தில் ஒரு வளைவு கொடுத்து, அரத்தின் கீறல்களை உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்து மறைத்தால், ஒரு கிராம் எடையும் கூட்டாமல் பாகத்தின் ஆயுள் பலமடங்கு நீளும்.

பொருத்திய பிறகு சோதிப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். படகைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, ஒருவர் மடலை விரல்களால் அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கோலின் நுனியை மெல்ல முன்னும் பின்னும் ஆட்டினால் போதும். நுனி எவ்வளவு தூரம் சும்மா நகர்கிறதோ அதுதான் எல்லா மூட்டுகளின் ஆட்டமும் கூடிய தொகை. அதைக் குறித்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு மூட்டாக விரலால் அழுத்திப் பிடித்துத் திரும்ப ஆட்டினால் எந்த மூட்டு குற்றவாளி என்று தெரிந்துவிடும். முதல் சில நாள் மிதமான காற்றில் ஓட்டிவிட்டு ஊசிகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சுற்றிலும் ஒரே சீராக மங்கியிருந்தால் மூட்டு நேராக நிற்கிறது. ஒரு பக்கம் மட்டும், அதுவும் ஒரு முனையில் மட்டும், கண்ணாடிபோலப் பளபளத்தால் கம்பி நெம்புகோலைக் கோணலாக இழுக்கிறது என்று பொருள். கம்பி இணையும் இடத்தில் அரை மில்லிமீட்டர் வாஷர் ஒன்றை ஒரு பக்கத்திலிருந்து எடுத்து மறுபக்கம் மாற்றிப் போட்டுவிட்டு, மறுபடி கடலுக்குப் போய்வந்து அதே ஊசியைக் கழற்றிப் பார்க்கலாம்.